முதல் சரம் இரண்டு வரிசை

வடமதுரை
20-2-2025

அன்புள்ள அமலிக்கு,

அண்ணி மலர்விழி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் கிறிஸ்துராஜ், மாமா, என் வாண்டு கீர்த்தனா எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உனக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? சளி பிடிக்கவில்லையே?

நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன் கிடையாது, கடிதம்தான் என்று சொல்லிவிட்டாய். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பில், அதுவும் லீவு கேட்டு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ விட்டுப்போன பாசிமணி டப்பாக்களைத் திறந்துவிட்டேன். சும்மா கிடந்து என்ன ஆகப்போகிறது, ஒரு ஜோடி கம்மல் பின்னலாம் என்று உட்கார்ந்தேன். நீ செய்வாயே, செங்கல் அடுக்கின மாதிரி, அந்தத் தையல். எட்டு மணியில் ஆரம்பித்தேன். அடுத்த வரிசையில் ஏழுதான் நிற்கிறது. அதற்கடுத்து ஆறு. எண்ணி எண்ணி வைத்தும் வரிசைக்கு ஒரு மணி காணாமல் போகிறது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி பின்னுகிறாள், அவள் கை போகிற வேகத்தில் எனக்குத் தலை சுற்றுகிறது. மணி எங்கே போகிறது என்று எழுது.

அக்டோபர் ஏழாம் தேதி உனக்கு முதல் வார்த்தைப்பாடு, நீ கன்னியாஸ்திரி ஆகிற நாள் என்று மாமா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். ஊரில் பாதிப்பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

மதர் படித்துவிட்டுத்தான் கடிதத்தை உன்னிடம் தருவார் என்றாயே, மதருக்கும் என் தோத்திரம்.

அன்புடன்,
அண்ணி

*

நவதுறவகம், கொடைக்கானல் மலைச்சாலை
4-3-2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நானும் சுகமே. சளி இல்லை, அப்பாவிடம் சொல்லுங்கள்.

மணி எங்கேயும் போகவில்லை. அந்தத் தையலில் வரிசைக்கு ஒன்று தானாகவே குறையும். அதனால்தான் முக்கோணமாக வருகிறது, முக்கோணமாக வருவதால்தான் அது கம்மல். குறையக் கூடாது என்றால் வரிசைக் கடைசியில் ஒரு மணியைக் கூடுதலாகக் கோர்த்து, அதே நூலுக்குள் இன்னொரு முறை ஊசியை விடுங்கள். தங்கூசி நரம்பில் பின்னாதீர்கள், அது விறைத்துக்கொண்டு நிற்கும். திண்டுக்கல்லில் ஷாஹினா அக்காவின் பாசிமணிக் கடையில் நைலான் நூல் கேட்டால் தருவார்.

இங்கே நான் ஜெபமாலை கோர்க்கிறேன். ஐம்பத்து மூன்று மணி, தையல் எதுவும் இல்லை, கோர்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். கைக்கு வேலை இருக்கிறது.

நாளை சாம்பல் புதன். ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. நீங்கள் எழுதலாம்.

இயேசுவின் அன்பில்,
அமலி

*

வடமதுரை
6-4-2025

அன்புள்ள அமலிக்கு,

இவ்விடம் யாவரும் நலம், வெயில்தான் ஆளை வறுக்கிறது. உனக்கு அந்தக் கவலை இல்லை.

கம்மல் வந்துவிட்டது! ஊதாவும் வெள்ளையும். கீர்த்தனா போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், டீச்சர் கழற்றச் சொல்லி, அழுதுகொண்டு வந்தாள். ஷாஹினா பார்த்துவிட்டு, "யக்கா, இம்புட்டு நல்லா வருதுல்ல, இன்னும் நாலு ஜோடி போட்டுக் குடுங்க, கண்ணாடிப் பெட்டில வைக்கிறேன்" என்றாள். என் கைவேலையை ஒருத்தி மெச்சியது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. நீ படுத்த அறையில்தான் இப்போது மணிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. மேலத்தெருப் பெண் ஒருத்தி மடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். பூசை முடிந்து வரும்போது அதே பேச்சு. மாமா நடையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டுல அப்படி ஆவாது. ரெண்டு வயசுல அமலி காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழச்சா ஒனக்கே தாரேன்னு அந்தோனியார்ட்ட நேந்துக்கிட்டேன். ஒரு பொம்பளப்பிள்ளைன்னு சொல்லியாச்சு. இவ வந்துட்டா அடுத்து கீர்த்தனாதான்." கீர்த்தனா உடனே, "தாத்தா, மடத்துல டிவி இருக்குமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்து வைத்தேன்.

மதருக்குத் தோத்திரம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

நவதுறவகம்
27-4-2025

அன்புள்ள அண்ணி,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

கம்மல் வந்ததில் சந்தோஷம். அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மணியின் நிறம் சரியாகத் தெரியும்.

அப்பா கீர்த்தனாவைப் பற்றிச் சொன்னது விளையாட்டுக்குத்தானே?

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. காலை ஜெபத்தில் மனசு நிறைந்து இருக்கிறது.

அன்புடன்,
அமலி

*

வடமதுரை
11-5-2025

அன்புள்ள அமலிக்கு,

நான்கு வரியில் கடிதத்தை முடித்துவிட்டாயே, மடத்தில் பேனா மையையும் அளந்துதான் ஊற்றுகிறார்களா? எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் அண்ணனுக்குப் பல்வலி வந்து போயிற்று.

மாமா சொன்னது விளையாட்டா என்று கேட்டாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோயிலில் கீர்த்தனாவின் புதுநன்மை வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் பங்குச் சாமியாரிடமும், "அவ நெலைக்கலேன்னா இவ இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். உன் அண்ணனைக் கேட்டால், "அப்பா சொன்னா சொன்னதுதான், அதுக்கு இப்ப என்ன?" என்கிறார். இப்ப ஒன்றும் இல்லைதான். நீ அங்கே நல்லபடியாக இருக்கும்போது எனக்கென்ன கவலை?

கம்மல் போதும் போதும் என்று ஆகிவிட்டது. சாவிக்கொத்தில், பையில் தொங்கவிடுகிற மாதிரி சின்ன உருவம் ஏதாவது சொல்லிக்கொடு. மீன், பூ, சிலுவை, எதுவானாலும் சரி.

அண்ணி

*

நவதுறவகம்
8-6-2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் ஜெபம். அண்ணன் பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மாதிரி ஓர் உருவம் தயார் செய்தேன். இது வேறு தையல். ஒரு மணி விட்டு ஒரு மணிக்குள் ஊசி போகும். நீங்கள் அந்த வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், பெயோட் என்பார்கள். வெள்ளைப் பின்னணி, சிவப்பு உருவம். மொத்தம் முப்பத்தாறு வரிசை. எந்த வரிசையில் எத்தனை வெள்ளை, எத்தனை சிவப்பு என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு வரிசை தவறினாலும் உருவம் கலைந்துவிடும்.

இதைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம், அண்ணி. நீங்கள் மட்டும் பின்னிப் பார்த்து, என்ன தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது.

அமலி

*

வடமதுரை
22-6-2025

அன்புள்ள அமலிக்கு,

எல்லாரும் சுகம், என் கண்களைத் தவிர. நீ சொன்ன தையலின் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் ஒன்றுவிட்ட தையல் என்று வைத்துக்கொண்டேன். உறவுமுறை மாதிரியே அதுவும் சுற்றி வளைத்துத்தான் வருகிறது.

பத்து நாள் உட்கார்ந்து முப்பத்தாறு வரிசையும் முடித்தேன். என்ன தெரிகிறது என்று கேட்டாயே, சொன்னால் கோபப்படுவாய். வலப்பக்கம் ஒரு காக்கை, இடப்பக்கம் சக்கரம் கழன்ற வண்டி. உன் அண்ணன் இது இந்தியா மேப் என்கிறார். கீர்த்தனா தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, தோசை பிஞ்சு போச்சு" என்றாள்.

முதல் வரிசைக்குப் பத்து மணி என்று எழுதியிருந்தாய், கோர்த்தேன். இரண்டாம் வரிசைக்கும் பத்து என்கிறாய். ஆனால் அங்கே இடம் ஐந்து மணிக்குத்தான் இருக்கிறது. மீதி ஐந்தைத் திரும்பி வரும்போது கோர்த்துக்கொண்டேன். எல்லா வரிசைக்கும் அப்படியே. தப்பு என் பேரிலா, உன் கணக்கின் பேரிலா?

அண்ணி

*

நவதுறவகம்
2-7-2025

அன்புள்ள அண்ணி,

நலமா? உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

தப்பு என் பேரில்தான். சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் தையலில் முதலில் கோர்க்கும் சரம் ஒரு வரிசை இல்லை, இரண்டு வரிசை. முதல் வரிசையில் ஒரு மணி, இரண்டாம் வரிசையில் ஒரு மணி என்று மாற்றி மாற்றி இருபதையும் ஒரே சரமாகக் கோர்க்க வேண்டும். மூன்றாவது வரிசை வரும்போது அவை தாமாக மேலும் கீழுமாக விலகிவிடும். புதிதாகப் பின்னுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

இன்னொரு முறை பின்னுங்கள், அண்ணி. தயவுசெய்து. உருவம் நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், என்ன தெரிந்தது என்று ஒரு வரி போடுங்கள். எனக்கு ஒன்றும் புரியாமல் இருக்கிறது, தையலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அமலி

*

வடமதுரை
10-8-2025

அன்புள்ள அமலிக்கு,

இங்கே யாவரும் நலம். உன் நலம் எழுதவும். பதில் தாமதமாகிவிட்டது. ஆடி மாதம் பூவுக்குக் கிராக்கி, மாமாவால் தனியாகக் கட்டி முடிக்க முடியவில்லை, நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உருவம் எனக்கு வாய்க்கவில்லை. இருபதையும் ஒரே சரமாகக் கோர்த்துத்தான் பார்த்தேன். பழைய காக்கைதான், கொஞ்சம் இளைத்திருக்கிறது. என் மண்டைக்கு முக்கோணக் கம்மலே போதும். அதை விட்டுவிடு. நீயும் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

வார்த்தைப்பாட்டுக்கு வர வேன் பேசியாகிவிட்டது. பதினெட்டுப் பேர். மாமா புது வேட்டி எடுத்துவிட்டார். தாடிக்கொம்பிலிருந்து என் அம்மாவும் வருகிறாள். கீர்த்தனாவுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறது. எல்லாரும் உன் நினைப்பாகவே இருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

நவதுறவகம்
24-8-2025

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. சுகமே. அனைவருக்கும் என் அன்பு.

உருவம் வராவிட்டால் பரவாயில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வார்த்தைப்பாடு கேட்கும் விண்ணப்பத்தை அவரவர் கையால் எழுதி, செப்டம்பர் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று தாள் வீணாகிவிட்டது. அந்த வரி வரும்போது பேனாவில் மை வருவதில்லை. வேறு பேனா கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு வேட்டி நன்றாக இருக்கும்.

அமலி

*

வடமதுரை
31-8-2025

அமலி,

நலம் விசாரிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

ஜூலை பத்தாம் தேதியே உருவம் வந்துவிட்டது. சாயங்காலம், உன் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். நான் கடைசி வரிசையை இறுக்கிக்கொண்டிருக்கிறேன், கீர்த்தனா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "அம்மா, 'வரவா'ன்னு எழுதியிருக்கு! யாரு வாரா?"

வெளியே மாமா பூக்கட்டிக்கொண்டிருந்தார். "யாரு வாராகளாம்?" என்றார்.

"யாரும் வரல மாமா, பிள்ள என்னமோ ஒளறுது" என்று சொல்லிவிட்டு நூலை வெட்டினேன். மணியெல்லாம் தரையில் ஓடியது. கீர்த்தனா, "நல்லா இருந்துச்சே, ஏம்மா வெட்டுன?" என்று அழுதுகொண்டே பொறுக்கினாள்.

உன் மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணனைக் கேட்டிருக்கலாம், அப்பாவைக் கேட்டிருக்கலாம். என்னை ஏன் கேட்டாய்? வா என்று நான் சொன்னால் என் பிள்ளையை நானே எடுத்துக் கொடுக்கிற மாதிரி. வராதே என்று சொல்ல நான் யார்? அதனால் புரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன். பழைய காக்கைதான் என்று எழுதினால் நீயே சலித்துப்போய் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ உள்ளே இருக்கிறவரை கீர்த்தனா வெளியே இருப்பாள். இத்தனை வாரமாக என் கணக்கு இதுதான்.

பேனாவில் மை வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் என் பக்கமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீ வந்தால் மாமா என்ன செய்வார், ஊர் என்ன பேசும், எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. வந்தபிறகு நீயே வருத்தப்படுவாயோ என்னவோ, அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ கேட்ட கேள்விக்கு ஏழு வாரமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

வா. மணியில் கோர்க்க நேரமில்லை, பேனாவிலேயே எழுதுகிறேன். வா, அமலி. கீர்த்தனாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பெற்றவள் நான். மதர், இந்தக் கடிதத்தை நீங்களும் முழுசாகப் படியுங்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

மலர்விழி

*

நவதுறவகம்
14-9-2025

அன்புள்ள அண்ணி,

நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், சுகமாக இருக்கிறேன். இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மதர் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கட்டம்போட்ட தாள் இருந்தது. வெள்ளைக் கட்டம், சிவப்புக் கட்டம். நான் ஜூன் மாதம் எழுதிய முப்பத்தாறு வரிசையையும் அவர் அப்போதே வண்ணமடித்துப் பார்த்திருக்கிறார். "கேள்வி எனக்கு வந்ததில்ல. உங்க அண்ணிக்கு வந்தது. அதான் காத்திருந்தேன். நீயா வாயத் திறப்பேன்னும் காத்திருந்தேன்" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தப்பித்த மாதிரியும் இருந்தது.

நேர்த்திக்கடனைப் பற்றிக் கேட்டேன். "நேந்துக்கிட்டது உங்கப்பா. கடனும் அவருது. அவரைச் சேத்துக்க முடியாது, இது கன்னியர் மடம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். சின்னப் பிள்ளையை யாரும் இங்கே நேர்ந்து விட முடியாது, அப்படி வந்தால் நானே திருப்பி அனுப்புவேன் என்று அப்பாவுக்குத் தனியாகக் கடிதம் போடுகிறார். அப்பா கேட்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை ஏன் கேட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் வந்தால் அந்தப் பாரம் உங்கள் தலையில்தான் விழும். அதனால்தான் கேட்டேன். நேரே கேட்கத் துணிவில்லாமல் மணியில் கேட்டேன். நீங்கள் புரியவில்லை என்று எழுதியதும், இது உங்களுடைய பதிலாகவும் இருக்கலாம் என்று ஒருநாள் தோன்றியது. அப்படி இருந்தால் உங்கள் மேல் கோபப்பட எனக்கு நியாயமில்லை என்றும் தோன்றியது. ஆனாலும் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இந்த இடம் பிடிக்காமல் இல்லை, அண்ணி. காலை ஜெபத்தில் இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கும். காபி குடித்து முடிப்பதற்குள் அது போய்விடும். மத்தியானம் வீட்டு நினைப்பு வரும், சாயங்காலம் ஜெபமாலை கோர்க்கும்போது மறுபடி இங்கேயே என்று இருக்கும். எது என் விருப்பம், எது அப்பாவின் நேர்ச்சை என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. விண்ணப்பம் கொடுக்கவில்லை. மதர் ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறார். அதுவரை வீட்டில் இருந்துவிட்டு, வர வேண்டும் என்று தோன்றினால் வா, இல்லாவிட்டால் ஒரு கார்டு போடு என்றார்.

சனிக்கிழமை காலை இங்கிருந்து புறப்படுகிறேன். பதினொரு மணிக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அண்ணனை நிற்கச் சொல்லுங்கள். அண்ணன் வராவிட்டால் நானே பஸ் மாறி வந்துவிடுவேன்.

நான் வீட்டுக்கு வரும்போது அப்பா வெளியேதான் பூக்கட்டிக்கொண்டிருப்பார். "எதுக்கு வந்தே?" என்று கேட்பார். அந்த இடத்தில் எனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். நீங்கள் வெளியே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள், அண்ணி. "நான்தான் வரச்சொன்னேன் மாமா" என்று நீங்கள் சொல்லுங்கள்.

அமலி